முதலமைச்சர் பட்டியலில் 'எப்படி' என்ற கட்டம் இல்லை

அக்கா பையன் குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறான். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் ரெண்டு கையேடுகளை மேசை மேல் விரித்து வைத்தான். "ஏனுங் மாமா, சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம மாநிலத்துக்கு மொத முதலமைச்சர் யாருங்? இதுல ஓமந்தூரார்னு இருக்குது. அதுல குமாரசாமி ராஜான்னு போட்டிருக்கறாங்க. பசங்க ராஜாஜிங்கறாங்க."

"மூணுமே சரிதான்."

"மூணுக்கும் மார்க் போட மாட்டாங்களே மாமா."

அவன் சொல்வது நியாயம். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாற்காலியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஆனால் அவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதற்கு முன்பே, 1947 மார்ச் 23-ல். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்தவர் குமாரசாமி ராஜா. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு, 1952 ஏப்ரல் 10-ல் பதவியேற்றவர் ராஜாஜி. கேள்வியில் எந்த 'முதல்' என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பதிலில் மட்டும் ஒரே ஆளைக் கேட்கிறார்கள்.

அன்று ராத்திரி அந்தக் கையேட்டுப் பட்டியலையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாப் பட்டியலும் ஒரே அச்சு. வரிசை எண், பெயர், கட்சி, எப்போதிலிருந்து, எதுவரை. அஞ்சு கட்டம். இருபது வருஷத்துக்கு மேல் டேபிள் வடிவமைத்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இந்தப் பதிவு அந்தப் பட்டியலின் மேல் ஒரு விமர்சனம்தான். அதில் இருக்கும் பெயர்கள் மேல் அல்ல.

முதலில் வரிசை எண். '1' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அ. சுப்பராயலு ரெட்டியார் இருக்கிறார், 1920 டிசம்பர். அவர் வகித்த பதவி முதல் மந்திரி. 1919 சட்டத்தின் இரட்டை ஆட்சியில் கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள்தான் மந்திரிகள் கையில். போலீஸும் கஜானாவும் ஆளுநர் பக்கம். 1937-ல் ராஜாஜி வந்தபோது அந்தப் பதவியைப் பிரதம மந்திரி என்று சொன்னார்கள், அதிகாரமும் வேறு. 1950-க்குப் பிறகு முதலமைச்சர். மூன்று சட்டங்கள், மூன்று பதவிகள். எல்லையும் வேறு. பனகல் ராஜாவும் பொப்பிலி ராஜாவும் ஆண்ட சென்னை மாகாணத்தில் ஆந்திராவும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல். இத்தனையையும் ஒரே தலைப்பின் கீழ் ஒரே நிரலில் வரிசையாக எண் போட்டு அடுக்கினால் அது தகவல் இல்லை, பசை போட்டு ஒட்டியது.

நாவலர் நெடுஞ்செழியனை என்ன செய்வது என்று ஒவ்வொரு கையேடும் தடுமாறுவது இதனால்தான். அண்ணா இறந்த 1969 பிப்ரவரி 3-லிருந்து 10 வரை ஏழு நாள், எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24-லிருந்து 1988 ஜனவரி 7 வரை பதினாலு நாள், ரெண்டு தடவையும் தற்காலிக முதலமைச்சர். ஒரு கையேடு அவருக்கு எண் தருகிறது, இன்னொன்று நட்சத்திரக் குறி போட்டு அடியில் தள்ளிவிடுகிறது. தில்லியில் குல்சாரிலால் நந்தாவுக்கும் இதே கதி. நேரு இறந்தபோது 13 நாள், சாஸ்திரி இறந்தபோது 13 நாள்.

அடுத்து 'எதுவரை' என்ற கட்டம். வேகமாகப் படித்தால் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்கார்ந்த மாதிரி தெரியும். 1939 அக்டோபர் கடைசியில் ராஜாஜி அமைச்சரவை விலகியதிலிருந்து 1946 ஏப்ரல் 30 வரை ஆறரை வருஷம் மந்திரிசபையே கிடையாது, ஆளுநர் ஆட்சிதான். சுதந்திரத்துக்குப் பிறகு நாலு இடைவெளிகள். 1976 ஜனவரி 31-லிருந்து 17 மாசம், 1980-ல் நாலு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1988-89-ல் ஏறக்குறைய ஒரு வருஷம், 1991-ல் அஞ்சு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டினால் மூணு வருஷத்துக்கு மேல் வருகிறது. அதில் 1991-ல் நடந்தது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்த பிறகும் நடந்தது. நாலு கலைப்பும் 1994-க்கு முன்னால். அந்த வருஷம் பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்து, பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதைச் சட்டமன்றத்துக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இங்கே ஒரு கலைப்பும் இல்லை. பட்டியலில் 'குடியரசுத் தலைவர் ஆட்சி' என்று ஒரு வரி சேர்க்கிற கையேடுகள் உண்டு. சேர்க்காதவையே என் அக்கா பையனிடம் இருந்த ரெண்டும்.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை, இல்லாத கட்டம். பதவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போனது?

நானே அந்தக் கட்டத்தைச் சேர்த்து நிரப்பிப் பார்த்தேன். 1947 ஆகஸ்ட் 15-லிருந்து 2021 மே 7 வரை ஆள் மாறியது 23 தடவை. 1980-ல் எம்.ஜி.ஆர். கலைக்கப்பட்டு அவரே ஜெயித்துத் திரும்பி வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆள் மாறவில்லையே. இந்த 23-ல் பொதுத்தேர்தல் முடிவால் மாறியது 10. 1952, 1967, 1977, 1989, 1991, 1996, 2001, 2006, 2011, 2021. மீதி 13 மாற்றங்களின்போது தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

அந்தப் பதிமூணைப் பிரித்தால் இன்னும் தெளிவாகிறது. கட்சிக்குள்ளேயே நடந்தது மூணு: 1949-ல் ஓமந்தூராரிடமிருந்து குமாரசாமி ராஜாவுக்கு, 1954-ல் ராஜாஜியிடமிருந்து காமராஜருக்கு, 1963-ல் காமராஜரிடமிருந்து பக்தவத்சலத்துக்கு. நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி நடந்தது நாலு: 2001 செப்டம்பர், 2002 மார்ச், 2014 செப்டம்பர், 2015 மே. நாலும் ஜெயலலிதாவுக்கும் ஓ. பன்னீர்செல்வத்துக்கும் இடையில் போய் வந்தவை. மரணத்தால் வந்தது ஆறு.

இறந்தவர் மூணு பேர்தான். ஆனால் மாற்றம் ஆறு. ஒவ்வொரு மரணத்துக்கும் ரெண்டு வரி செலவாகியிருக்கிறது. அண்ணாவுக்குப் பின் நெடுஞ்செழியன், பிறகு கருணாநிதி. எம்.ஜி.ஆருக்குப் பின் நெடுஞ்செழியன், பிறகு ஜானகி. ஜெயலலிதாவுக்குப் பின் பன்னீர்செல்வம், பிறகு எடப்பாடி பழனிசாமி. மூணு தடவையும், உயிரோடு இருந்தபோது யார் ரெண்டாம் இடத்தில் இருந்தாரோ அவருக்குத்தான் ராத்திரியோடு ராத்திரியாகவோ மறுநாளோ பொறுப்பு போயிருக்கிறது. மூணு தடவையும் அவர் கையில் அது நிற்கவில்லை. ஏழு நாள், பதினாலு நாள், எழுபத்திரண்டு நாள். கட்டத்தை நிரப்பும் வரைக்கும் இது எனக்குத் தெரியாது. அஞ்சு கட்டப் பட்டியலை எத்தனை தடவை மனப்பாடம் செய்தாலும் தெரிய வழியில்லை.

ஒரு மறுப்பை இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். நண்பர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர், "இது நாடாளுமன்ற முறைங்க. மக்கள் எம்எல்ஏவைத் தேர்ந்தெடுக்கறாங்க, எம்எல்ஏக்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கறாங்க. தேர்தல் இல்லாம மாறுனது தப்புங்கற மாதிரி பேசறீங்களே" என்றார். தப்பு என்று சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று எழுதி வைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். தேர்தல் இல்லாத மாற்றங்களிலும் தரம் வேறு வேறு.

1954-ஐ எடுத்துக்கொள்ளலாம். தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு முற்றி ராஜாஜி விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் காமராஜர், இன்னொரு பக்கம் நம்ம பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம். காமராஜருக்கு 93, சி.எஸ்ஸுக்கு 41. ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், தோற்றவர் அமைச்சரவையில் இருந்தார், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். ஒரு கட்சிக்குள் நடக்கும் மாற்றம் இப்படியும் இருக்கலாம் என்பதற்கு எண்ணோடு சாட்சி இருக்கிறது. இதையும் 2017 பிப்ரவரியையும் ஒரே வகையில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. அங்கே கூவத்தூர் விடுதி இருக்கிறது, மெரினாவில் தியானம் இருக்கிறது, 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, 16-ல் பதவியேற்பு, 18-ல் சட்டமன்றத்தில் 122-க்கு 11.

அந்த வாரம் கோபியில் எந்தப் பேக்கரியில் டீ குடிக்கப் போனாலும் இதே பேச்சு. எங்கள் தொகுதி எம்எல்ஏ செங்கோட்டையன் பெயரும் அடிபட்டது. "நம்மூருக்கு சி.எம். வந்துருச்சு" என்று ரெண்டு நாள் சொன்னவர்கள், மூணாவது நாள் எடப்பாடி என்றதும், "பரவால்லீங், அதுவும் நம்ம பக்கந்தான்" என்று சமாதானமானார்கள். செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சரானார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான், எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 2016 மே மாசம் நாங்கள் வரிசையில் நின்றபோது அந்த ரெண்டு பேரில் யாரையும் முதலமைச்சராக நினைத்து யாரும் ஓட்டுப் போடவில்லை என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அந்தச் சட்டமன்றத்தின் அஞ்சு வருஷத்தில் நாலு வருஷத்துக்கு மேல் ஆண்டவர் அவர்.

கொங்கு வரியை மட்டும் தனியாகப் பிரித்தால் வேடிக்கையாக இருக்கிறது. எடப்பாடிக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து போனவர் திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை. (ராஜாஜியைச் சேலம் கணக்கில் கொங்கில் சேர்ப்பவர்கள் உண்டு. தொரப்பள்ளியைக் கொங்கு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.) பட்டியலில் சுப்பராயன் பெயருக்கு நேரே 'சுயேச்சை' என்று மட்டும் இருக்கும். ஒரு சுயேச்சை எப்படி ஒரு மாகாணத்துக்கே முதல் மந்திரியானார் என்று எந்த மாணவனும் கேட்க மாட்டான், ஏனென்றால் கட்டம் இல்லை. நடந்தது இது. 1926 தேர்தலில் நீதிக்கட்சி தோற்றது. அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி, பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரஸ் கொள்கைப்படி ஒதுங்கிக்கொண்டது. ஆளுநர் கோஷன் சுப்பராயனைக் கூப்பிட்டார். முதலில் சுயராஜ்யக் கட்சியின் தயவில் ஓடியது. சைமன் கமிஷன் விவகாரத்தில் கூட இருந்த ரெண்டு மந்திரிகளும் விலகியபோது, அதுவரை எதிரே உட்கார்ந்திருந்த நீதிக்கட்சி தாங்கிப் பிடித்தது. வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்தது இந்தச் 'சுயேச்சை' ஆட்சியில், மந்திரி முத்தையா முதலியார் காலத்தில். ஆக ஜெயித்தவன் வேண்டாம் என்று சொல்லி, தோற்றவன் தாங்கி, ஆளுநர் கூப்பிட்டு வந்த ஆட்சி. இன்றைக்குச் சுப்பராயனைவிட அவர் பிள்ளைகளைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும்: தரைப்படைத் தளபதியாக இருந்த குமாரமங்கலம், மோகன் குமாரமங்கலம், கோவை எம்பியாக இருந்த பார்வதி கிருஷ்ணன்.

ஆளுநர் கூப்பிடுவது என்ற அந்த வேலை வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை. 1935 சட்டத்தின் 51-ஆவது பிரிவு, மந்திரிகளை ஆளுநர் தேர்ந்தெடுத்து அழைப்பார், அவர் விருப்பம் உள்ளவரை இருப்பார்கள் என்றது. சபை உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாசம் மந்திரியாக இருக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான். நம் அரசியல் சட்டத்தின் 164-ஆவது பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், ஆளுநர் விருப்பம் உள்ளவரை அமைச்சர்கள் இருப்பார்கள், ஆறு மாசச் சலுகையும் உண்டு. சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்ற வரி சேர்ந்திருக்கிறது, அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் எங்கள் தொழிலில் சொல்வது போல, பழைய புரோகிராமை எடுத்துப் பேர் மாற்றி ஓட்டியதுதான். பழைய புரோகிராமில் இருந்த ஓட்டைகளும் கூடவே வந்தன.

1952 சென்னையில் அது முதல் தடவை வெளியே தெரிந்தது. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152-தான். முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தன் தொகுதியில் தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகளும் மற்ற எதிர்க்கட்சிகளும் சேர்ந்து டி. பிரகாசத்தைத் தலைவராக்கி ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று கூட்டி, எங்களுக்குத்தான் ஆள் அதிகம் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். இதை எதிர்த்து பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், எடுபடவில்லை. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ஜூலையில் நம்பிக்கை ஓட்டெடுப்பு, ராஜாஜிக்கு 200, எதிராக 151. அதாவது பெரும்பான்மை இருந்ததால் பதவி வரவில்லை, பதவி வந்ததால் பெரும்பான்மை சேர்ந்தது.

அதே வருஷம் அதே மாதிரி இலங்கையிலும். 1952 மார்ச்சில் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க இறந்தபோது, அடுத்த இடத்தில் இருந்த கொத்தலாவலயைத் தாண்டி மகன் டட்லியைக் கூப்பிட்டார் மகாதேசாதிபதி சோல்பரி பிரபு. சென்னையில் கூப்பிட்டவர் இந்தியர், கொழும்பில் ஆங்கிலேயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆறு மாசச் சலுகை அதற்கப்புறமும் நிறைய உழைத்திருக்கிறது. காமராஜர் 1954-ல் பதவியேற்றபோது எம்எல்ஏ இல்லை, பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் வந்தார். அண்ணா 1967-ல் ஜெயித்தது தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில், பிறகு மேலவைக்கு வந்தார். இவை யாருக்கும் உறுத்தவில்லை. 2001-ல் நாலு தொகுதிகளிலும் மனு தள்ளுபடியான ஜெயலலிதா, கட்சி ஜெயித்ததால் மே 14-ல் பதவியேற்றார். ஆளுநர் பாத்திமா பீவி செய்து வைத்தார். தேர்தலில் நிற்கவே தகுதி இழந்தவருக்கு ஆறு மாசச் சலுகை கிடையாது என்று செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றத்தின் அஞ்சு நீதிபதிகள் சொன்ன பிறகுதான் ஓட்டை அடைபட்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பட்டியலில் நாலு மாசத்து ஒரு வரி, ஆனால் சட்டம் கொஞ்சமாவது திருந்தியது அந்த வரியால். கையேட்டில் அதற்கு நேரே இருப்பது ரெண்டு தேதி மட்டும்.

அக்கா பையனுக்கு இந்த ஆறாவது கட்டத்தோடு ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங் மாமா, பரீட்சைக்கு எதைங் எழுதறது?" என்றான். அரசாங்கப் பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுது என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல.

அவன் போன பிறகும் ஒரு வரி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. 1952-ஐத் தேர்தல் பக்கம் போட்டிருக்கிறேன், தேர்தல் நடந்துதானே குமாரசாமி ராஜா போனார் என்று. ஆனால் ராஜாஜி வந்தது தேர்தலால் இல்லை. போனதை வைத்துக் கணக்குப் போட்டால் 10-க்கு 13, வந்ததை வைத்துப் போட்டால் 9-க்கு 14. இப்போதைக்கு அந்தக் கட்டத்தில் 'தேர்தல் / ஆளுநர்' என்று ரெண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் ரெண்டு மதிப்பு போடக் கூடாது என்று ஆபீஸில் சின்னப் பசங்களைத் திட்டுகிறவனும் நான்தான்.